குரல் உடையும் வயதில் ஜப்பானிய கரோக்கே: பையன்களுக்கான முழு வழிகாட்டி

என் மகனுக்கு 14 வயது. டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் இருக்கிறோம். போன இலையுதிர்காலத்தில் பள்ளிக் கலைவிழா முடிந்ததும் அவன் வகுப்புப் பையன்கள் ஆறு பேர் கரோக்கே போகலாம் என்று முடிவு செய்தார்கள். ஒரு வேலை நல்லபடி முடிந்த பிறகு கூடிக் கொண்டாடுவதை இங்கே உச்சியாகே என்பார்கள். முதல் நாள் ராத்திரி என்னிடம் வந்து, "அப்பா, எனக்குப் பாட வர்ற மாதிரி ஒரு பாட்டு சொல்லுங்கப்பா" என்றான். நான் ரொம்ப யோசிக்காமல் எனக்குப் பிடித்த 'கொனாயுகி'யைச் சொல்லிவிட்டேன். 2005இல் ரெமியோரோமென் குழு வெளியிட்ட பாட்டு. மெதுவாக, அடங்கிய குரலில் தொடங்கும். கேட்டால் சுலபம் போலத்தான் இருக்கும்.

மறுநாள் சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். ஆரம்ப வரிகள் நன்றாகத்தான் போயிருக்கின்றன. பாட்டின் பெயரே ஓங்கி எழும் இடம் வந்ததும் குரல் இரண்டாகக் கிழிந்துவிட்டது. யாரும் கேலி செய்யவில்லையாம். ஆனாலும் மைக்கைக் கீழே வைத்தவன் மிச்ச நேரம் முழுக்கத் தாம்பூரின் என்ற கஞ்சிரா மாதிரி வாத்தியத்தைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான்.

அந்தத் தப்பு என்னுடையது. பிரபலமான பாட்டையும் சுலபமான பாட்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டேன். ஒரு பையனுக்கு எந்தப் பாட்டு சுலபம் என்பதை அவன் குரல் இந்த மாதம் எதுவரை ஏறும் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். அதன் பிறகு நாங்கள் இருவரும் பல வாரம் உட்கார்ந்து, பாடிப் பார்த்து, குறித்து வைத்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஜப்பானில் வளரும் நம் பிள்ளைகளுக்கும், அனிமே பார்த்து ஜப்பானியப் பாட்டில் ஆசை வைத்த பையன்களுக்கும் உதவும்.

முதலில் குரலை அளந்து பாருங்கள்

ஏறக்குறைய 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் பையன்களின் குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீள்கின்றன. பேச்சுக் குரல் சுமார் ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி அளவுக்குக் கீழே இறங்கிவிடும். நம் பக்கம் இதை மகரக்கட்டு என்பார்கள். ஜப்பானில் கோஎ-கவாரி, அதாவது குரல் மாறுதல். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் நடக்கும். நடந்துகொண்டிருக்கும்போது நேற்று வந்த சுரம் இன்று வராது. அது பயிற்சிக் குறை இல்லை, கூச்சப்படவும் ஒன்றும் இல்லை. இதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போனில் பியானோ ஆப் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். கீபோர்டின் நடு 'சி'யை அழுத்தி அதே சுரத்தில் 'ஆ' என்று பாடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டையாக மேலே போக வேண்டும். கழுத்து நரம்பு புடைக்காமல், தாடை தூக்காமல், நெஞ்சுக் குரலிலேயே வரும் கடைசிச் சுரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கத்தினால் வரும் சுரம் கணக்கில் சேராது. அதேபோலக் கீழேயும் இறங்கிப் பாருங்கள். காலையில் எழுந்தவுடன் குரல் தாழ்ந்து இருக்கும், ஆகவே சாயங்காலம் அளப்பது நல்லது.

ஜப்பானில் சுரங்களுக்கு ஒரு தனி எழுத்துமுறை புழங்குகிறது. தெரிந்துகொண்டால் வேலை பாதி குறையும். நடு 'சி'க்கு மிட்-2-சி என்று பெயர். அதற்கு மேலே உள்ள 'ஜி' வரை மிட்-2. அதற்கு அடுத்த 'ஏ'யிலிருந்து ஹை-ஏ, ஹை-பி என்று போகும். ஒரு பாட்டின் பெயரோடு ஒன்-இகி, அதாவது குரல் வீச்சு என்ற சொல்லைச் சேர்த்து ஜப்பானிய மொழியில் தேடினால், அந்தப் பாட்டின் மிகத் தாழ்ந்த சுரமும் மிக உயர்ந்த சுரமும் இந்த முறையில் எழுதப்பட்டிருக்கும்.

என் மகனுக்கு அப்போது சிரமமில்லாமல் வந்த உச்சம் மிட்-2-இ. குரல் உடைந்து முடிந்த நிறையப் பையன்களுக்கு இந்த இடம்தான். ஆனால் ஜப்பானில் இப்போது ஹிட்டாகும் ஆண் குரல் பாட்டுகள் பல மிட்-2-ஜி, ஹை-ஏ என்று போகின்றன, அதற்கு மேலும் போகின்றன. இந்த இடைவெளியில்தான் குரல் கிழிகிறது.

கீயைக் குறைப்பது குறையல்ல

கரோக்கே கருவியில் பாட்டின் கீயை, அதாவது சுருதியை, ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறது. ஒரு எண் என்பது பியானோவில் ஒரு கட்டை (கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ண வேண்டும்), அரைச் சுரம். பாட்டின் உச்சம் ஹை-ஏ, உங்கள் உச்சம் மிட்-2-இ என்றால் நடுவே ஐந்து கட்டை. கீயை மைனஸ் 5 வைத்தால் பாட்டு உங்கள் குரலுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் அடிக் குரலையும் பார்க்க வேண்டும். ஐந்து குறைத்ததும் ஆரம்ப வரிகள் முணுமுணுப்பாகிவிட்டால் அந்தப் பாட்டின் வீச்சு உங்களுக்கு அதிகம். வேறு பாட்டுக்குப் போங்கள்.

பெண் குரல் பாட்டுகளுக்குக் கணக்கு வேறு. பையன்கள் அதை ஒரு ஆக்டேவ் கீழே பாடுவார்கள். இதற்கு ஓக்கு-ஷிதா என்று பெயர். பன்னிரண்டு கட்டை மொத்தமாக இறங்கினால் பல நேரம் ரொம்பத் தாழ்ந்துவிடும். அப்போது கீயை 3 முதல் 5 வரை கூட்டிப் பாருங்கள். பெண் பாட்டுக்குக் கீயைக் கூட்டச் சொல்வது முதலில் விசித்திரமாகப் படும். இரண்டு வரி பாடிப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

பையன்கள் பலர் மூலக் கீயில் பாடினால்தான் கெத்து என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. கீ என்பது சைக்கிள் சீட் மாதிரி. காலுக்கு எட்டும் உயரத்தில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

பாட்டைத் தேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஜப்பானியப் பாட்டைப் பேசும்போது மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஏ-மெலோ என்பது தொடக்கச் சரணம். பி-மெலோ அதிலிருந்து மேலே ஏற்றும் படி. சாபி என்பது எல்லாரும் சேர்ந்து பாடும் உச்சப் பகுதி. ஏ-மெலோ சுலபமாக இருக்கிறதே என்று பாட்டை முடிவு செய்யாதீர்கள். நாங்கள் செய்த தப்பு அதுதான். எப்போதும் சாபியை, அதிலும் கடைசி சாபியை, முதலில் பாடிப் பாருங்கள். கடைசி சாபியில் கீயை ஒரு படி தூக்கிவிடும் பாட்டுகளும் உண்டு.

அப்புறம் வேகம். ஒரு மூச்சில் எத்தனை சொல் என்று பாருங்கள். அதற்கடுத்து இடையிசை. ஒரு நிமிஷம் கிட்டார் ஓடும்போது மைக்கோடு நிற்பது புதிதாகப் பாடும் பையனுக்குப் பெரிய தண்டனை. மூன்று, நாலு நிமிஷத்தில் முடியும் பாட்டே முதல் தடவைக்குப் போதும்.

பாடக்கூடிய பாட்டுகள்

மகரக்கட்டு நடந்துகொண்டிருக்கும் பையனுக்கு நான் முதலில் கொடுப்பது 'செகாய் நி ஹிதோட்சு தாகே நொ ஹானா'. 2003இல் ஸ்மாப் குழு பாடியது. எழுதி இசையமைத்தவர் மாகிஹாரா நொரியுகி. 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற பாட்டு. பூக்கடையில் வரிசையாக நிற்கும் பூக்களைப் பார்த்துத் தொடங்கும். ஐந்து பேர் ஒன்றாகப் பாட எழுதியதால் குரல் வீச்சு குறுகலானது. எங்கேயும் துள்ளல் இல்லை, நடக்கிற வேகம். அறையில் உள்ள எல்லாருக்கும் சாபி தெரிந்திருக்கும் என்பதால் தனியாக மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை.

இதற்குப் பக்கத்தில் 'உஎ ஒ முய்தே அருகோ'. சகாமோதோ க்யூ பாடி 1961இல் வந்தது. 1963 ஜூனில் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்த ஜப்பானியப் பாட்டு இதுதான். கண்ணீர் கீழே விழாமலிருக்க மேலே பார்த்துக்கொண்டு நடக்கிறவனின் பாட்டு. மெட்டு நேராகப் போகும், சொற்கள் குறைவு, இடையில் விசில் வரும். விசில் அடிக்கத் தெரிந்த பையனுக்குக் கைதட்டல் நிச்சயம். தாத்தா காலத்துப் பாட்டு என்று பையன்கள் முதலில் தயங்குவார்கள். ஆனால் ஆசிரியரோ நண்பனின் அப்பா அம்மாவோ கூட இருக்கும் இடத்தில் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

சுருதி சரியாகப் பிடிக்காத பையன்களுக்கு ஒரே மருந்து 'லிண்டா லிண்டா'. தி ப்ளூ ஹார்ட்ஸ் குழுவின் 1987 பாட்டு. முதல் வரிகளை மெதுவாகப் பாட வேண்டும், பிறகு திடீரென்று வெடிக்கும். சாபியில் பாட்டின் பெயரைத்தான் திரும்பத் திரும்பக் கத்த வேண்டும், அதுவும் குதித்துக்கொண்டே. இங்கே சுரத்தைவிட உடம்பு முக்கியம். ஒரு எச்சரிக்கை மட்டும்: குரல் கரகரவென்று இருக்கும் நாளில் இதைத் தொடாதீர்கள், பாடினாலும் கடைசிப் பாட்டாக வையுங்கள்.

'சீசானா கொய் நொ உதா' இங்கே இளைஞர்களின் பாட்டு என்றே சொல்லலாம். ஒகினாவாவைச் சேர்ந்த மொங்கோல்800 குழு 2001 ஆல்பத்தில் வெளியிட்டது. அப்போது மூன்று பேர் குழு, எளிய கிட்டார் சுரக்கூட்டுகள், பள்ளி இசைக் குழுக்கள் முதலில் கற்றுக்கொள்வதும் இதைத்தான். ஏ-மெலோவில் சொற்கள் கொஞ்சம் நெருக்கமாக வரும், ஆனால் தாளம் ஒரே சீராக ஓடுவதால் ஒரு வாரத்தில் வாயில் உட்கார்ந்துவிடும். சாபி பலருக்கு ஏறுமுகம், மைனஸ் 2 அல்லது 3 வைத்துக்கொள்ளுங்கள். காதல் பாட்டுத்தான், ஆனாலும் பையன்கள் தோள்மேல் கைபோட்டுப் பாடுவார்கள்.

குரல் முழுசாக இறங்கி, கனத்துவிட்ட 16, 17 வயதுப் பையன்களுக்கு பம்ப் ஆஃப் சிக்கன் குழுவின் 'தென்தாய் கான்சொகு' பொருந்தும். 2001 பாட்டு. ராத்திரி இரண்டு மணிக்குத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் போகிற கதை. ஏ-மெலோ கிட்டத்தட்டப் பேச்சுக் குரல். பாடகர் ஃபுஜிவாரா மொதோஓவின் குரலிலேயே ஒரு கரகரப்பு இருப்பதால் உங்கள் குரல் கரகரத்தாலும் அது பாட்டோடு ஒட்டிப்போகும். நண்பர்கள் இடையிடையே குரல் கொடுக்கவும் இடம் இருக்கிறது.

மெதுவான பாட்டு வேண்டும் என்றால் ஹாதா மொதோஹிரோவின் 'ஹிமாவாரி நொ யாகுசொகு'. 2014இல் டோரேமான் முப்பரிமாணப் படத்துக்கு வந்தது. டோரேமான் பார்த்து வளர்ந்த பையனுக்கு இதன் பொருளைச் சொன்னால் தானாகவே உணர்ச்சியோடு பாடுவான். மூச்சு மட்டும் கவனம். வரி நீளமாக இருக்கும், வரி தொடங்கும் முன்பே வயிறு நிறைய மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டும். கீ மைனஸ் 3இல் தொடங்கலாம்.

அனிமே பாட்டுகளில் எனக்குப் பிடித்த முதல் தேர்வு, நருடோவின் நாலாவது தொடக்கப் பாட்டான 'கோ!!!'. ஃப்ளோ குழு 2004இல் பாடியது. அதில் இரண்டு பாடகர்கள். எனவே நண்பனோடு பிரித்துக்கொள்ளலாம், தொடக்கத்து ஆங்கில முழக்கத்தை அறையே சேர்ந்து சொல்லும். நருடோவின் இரண்டாவது தொடக்கப் பாட்டு 'ஹாருகா கனாதா', ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன் குழுவினுடையது. வேகம் அதிகம், ஆனால் மெட்டு தாண்டிக் குதிக்காது. ஒன் பீஸ் தொடரின் 'வீ ஆர்!' 1999இல் கிதாதானி ஹிரோஷி பாடியது. ஜப்பானிய வகுப்பறையில் இது தெரியாதவர் கிடையாது என்றே நினைக்கிறேன், நீங்கள் ஒரு வரி விட்டால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார்.

பெண் குரலில் வந்தவற்றில் அய்ம்யோனின் 'மாரிகோல்டு' பையன்களுக்கு ரொம்பப் பொருந்தும். 2018 பாட்டு. அவர் குரலே தாழ்ந்தது, மெட்டும் நாட்டுப்புற வாசனையோடு நிதானமாகப் போகும். ஓக்கு-ஷிதாவில், கீயை 3 அல்லது 4 கூட்டிப் பாருங்கள். எவாஞ்சலியன் தொடரின் 1995 தொடக்கப் பாட்டு 'ஸான்கொகு நா தென்ஷி நொ தேஸே'வும் ஓக்கு-ஷிதாவில் எடுபடும், அதை அறை முழுக்கச் சேர்ந்து பாடுவதால்.

இருவர் சேர்ந்து பாட, யுசு என்ற இருவர் குழுவின் 'நாட்சு-இரோ', 1998. வேகமான கோடைக்காலப் பாட்டு. யோகோஹாமா தெருவோரத்தில் கிட்டாரோடு பாடிப் பெயர் வாங்கிய இருவர் அவர்கள். அந்தத் தெருப்பாட்டு உற்சாகம் இதில் அப்படியே இருக்கிறது.

இனி அந்த ரெமியோரோமென் விஷயம். அதே குழு, அதே பாடகர், ஒரு வருஷம் முன்பு 2004 மார்ச் 9 அன்று வெளியிட்ட பாட்டு 'சங்காட்சு கொகொனோகா'. பெயரின் பொருளே மார்ச் ஒன்பது. ஒரு நண்பரின் கல்யாணத்துக்காக எழுதியது, பிறகு பள்ளி விடைபெறும் விழாக்களின் பாட்டாகிவிட்டது. இதில் மெட்டு படிப்படியாகத்தான் ஏறும். 'கொனாயுகி'யில் தரையிலிருந்து நேராக மாடிக்குத் தாவ வேண்டும். இதில் படிக்கட்டு இருக்கிறது. அன்றைக்கு நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போதைக்குத் தள்ளிவைக்க வேண்டியவை

அஃபிஷியல் ஹிகே டான்டிஸம் குழுவின் 'ப்ரிடெண்டர்', மிசஸ் க்ரீன் ஆப்பிள் பாட்டுகள் பெரும்பாலும், யூரியின் 'டிரை ஃப்ளவர்', வவுண்டியின் 'காய்ஜூ நொ ஹானாஉதா'. எல்லாமே அருமையான பாட்டுகள், பையன்கள் விரும்பி எடுப்பவையும்கூட. ஆனால் உச்சம் மிக உயரம், நெஞ்சுக் குரலுக்கும் பொய்க்குரலுக்கும் நடுவே நொடியில் மாறவும் வேண்டும். 'டீமன் ஸ்லேயர்' பார்த்துவிட்டு லிசாவின் 'குரெங்கே'வை எடுக்காத பையன் இல்லை. அதன் வேகத்தில் மூச்சு விடவே இடம் கிடைக்காது.

ஒஸாகி யுதாகாவின் 'ஜூகோ நொ யோரு' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதினைந்தின் இரவு என்று பொருள். 1983இல் வந்தபோது அவருக்கு 18 வயது. திருடிய பைக்கில் ஓடிப்போகும் பையனின் பாட்டு. 15 வயதில் இதைப் பாடியே தீர வேண்டும் என்று தோன்றும், எனக்கும் அந்த ஆசை புரிகிறது. சாபியில் இழுத்துக் கத்த வேண்டியிருப்பதால் உடைந்துகொண்டிருக்கும் குரலுக்கு அது நல்லதல்ல. 17 வயதில் பாடட்டும்.

வரிகளை வாயில் ஏற்றுவது

இங்கே தமிழ் தெரிந்த பையனுக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. நமக்குக் குறில், நெடில், மாத்திரை என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். ஜப்பானிய மொழி முழுக்க முழுக்க மாத்திரைக் கணக்கில் ஓடுகிறது. ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. படம், பாடம் என்பதுபோல. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள், நமக்கு அது கேட்டவுடன் பிடிபடும்.

ஒரே வித்தியாசம், மெய்யெழுத்து. தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானிய மொழியில் 'ன்' தனியாக நின்றால் முழு மாத்திரை. ஆப்பிளைக் குறிக்கும் ரிங்கொ என்ற சொல்லை ரி, ங், கொ என்று மூன்று தட்டாகத் தட்ட வேண்டும். கித்தெ என்றால் தபால் தலை. அதில் நடுவே உள்ள ஒற்றும் ஒரு தட்டு, அங்கே குரல் நின்றுவிட்டுப் போகும். பாட்டில் அந்த 'ன்'னுக்கே தனிச் சுரம் வரும் இடங்கள் நிறைய. அதை விழுங்கிவிட்டால் அடுத்த சொல் முன்னாடியே வந்து, திரையில் நிறம் மாறும் எழுத்துக்கும் உங்கள் வாய்க்கும் இடைவெளி விழும். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே வரியைச் சொல்லிப் பாருங்கள். பாடுவது அப்புறம்.

இன்னொரு வசதி, குற்றியலுகரம். பாட்டு, காற்று என்று முடிக்கும்போது நம் உதடு குவிவதில்லை. ஜப்பானிய 'உ'வும் ஏறக்குறைய அப்படித்தான். உதட்டைக் குவித்துப் பாடினால் வெளியாள் போலக் கேட்கும்.

சிக்கலும் ஒன்று உண்டு. தமிழ் எழுத்தில் வரிகளை எழுதி வைத்துக்கொண்டால் வல்லோசையும் மெல்லோசையும் ஒன்றாகிவிடும். சீமைப் பனிச்சைப் பழத்துக்கும் சாவிக்கும் ஜப்பானியச் சொல்லில் ஒரே வித்தியாசம், இரண்டாவது எழுத்தை அழுத்திச் சொல்வதா, நாம் 'மகன்' என்பதில் சொல்வதைவிடக் கொஞ்சம் கனமாக 'கங்கை'யின் இரண்டாவது 'க' போலச் சொல்வதா என்பதுதான். இரண்டையும் தமிழில் எழுதினால் 'ககி'தான். என் மகன் கனத்துச் சொல்ல வேண்டிய எழுத்துகளுக்கெல்லாம் கீழே சிவப்புப் பேனாவில் கோடு போட்டான். அவன் நோட்டில் 'சங்காட்சு கொகொனோகா' பக்கத்தைப் பார்த்தால் சிவப்புக் கோடுகளும், மூச்சு விடும் இடங்களில் பென்சிலில் போட்ட சின்ன 'வி' குறிகளுமாக இருக்கும். இந்த மூச்சுக் குறி அவனே கண்டுபிடித்தது. எனக்குத் தெரிந்து அவன் பாட்டை மாற்றியது அதுதான்.

திரையில் கஞ்சி எனப்படும் சீன எழுத்துகளுக்கு மேலே, அவற்றின் உச்சரிப்பு ஹிராகனா என்ற எளிய ஒலியெழுத்தில் சின்னதாக வரும். ஆகவே ஹிராகனா வேகமாகப் படிக்கத் தெரிந்தால் போதும். பொருளை மட்டும் ஒரு தடவை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கே அழுத்த வேண்டும் என்பது பொருள் தெரிந்தால்தான் வரும்.

ஒத்திகை

ஒரு பாட்டை இரண்டு வாரம். முதல் மூன்று நாள் கேட்க மட்டும். பிறகு சாபியை மட்டும் தாழ்ந்த குரலில். பிறகுதான் முழுப் பாட்டு. ஒரு நாளைக்கு 20 நிமிஷம் போதும், தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். ஜப்பானிய வீடுகளின் சுவர் மெல்லியது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பக்கத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குளியலறையில் எதிரொலி அழகாக இருக்கும், ஆனால் தப்பை மறைத்துவிடும். போனில் பதிவு செய்து கேட்பது மேல்.

முடிந்தால் கூட்டத்தோடு போவதற்கு முன் ஒரு நாள் தனியாகப் போய் வாருங்கள். ஹிதோ-காரா என்பார்கள், தனியாள் கரோக்கே. இங்கே யாரும் அதை வினோதமாகப் பார்ப்பதில்லை. வாரநாள் பகலில் கட்டணம் குறைவு, மாணவர் தள்ளுபடியும் பல கடைகளில் உண்டு. மாணவர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். நானும் மகனும் ஒரு புதன்கிழமை ஒரு மணி நேரம் போனோம். ஒரே பாட்டை மைனஸ் 2, மைனஸ் 3, மைனஸ் 4 என்று மூன்று தடவை பாடினான். மைனஸ் 3இல் அவன் தோள் கீழே இறங்கியதை நானே பார்த்தேன். அந்த எண்ணை நோட்டின் மேல் மூலையில் பெரிதாக எழுதிக்கொண்டான்.

அறைக்குள்

1971இல் கோபே நகரில் இனோஉஎ தைசுகே முதல் கரோக்கே கருவிகளைச் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டபோது பையன்களுக்கு அங்கே இடமில்லை. 1980களின் நடுவில் ஒகாயாமா பக்கம் பழைய சரக்குப் பெட்டகங்களை அறைகளாக்கிக் கரோக்கே பாக்ஸ் தொடங்கிய பிறகுதான் மாணவர்கள் உள்ளே வந்தார்கள். தெரியாதவர் முன்னால் பாட வேண்டியதில்லை, கூட வந்த நண்பர்கள் மட்டும்தான். பயப்படும் பையனுக்கு இதை ஞாபகப்படுத்துங்கள்.

சட்டமும் உண்டு. டோக்கியோவில் ராத்திரி 11 மணி முதல் காலை 4 மணி வரை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கரோக்கேயில் அனுமதிக்க மாட்டார்கள். சின்ன வயதினருக்கு அதற்கும் முன்பே நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கும் ஊர்களும் கடைகளும் இருக்கின்றன. சில பள்ளிகள் பெரியவர் துணையில்லாமல் போகக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பதிவில் டாம், ஜாய்சவுண்ட் என்று இரண்டு கருவிகளில் எது வேண்டும் என்று கேட்பார்கள். நாம் பாடும் பாட்டுகள் இரண்டிலும் இருக்கும். தலைக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்ற விதி பல கடைகளில் உண்டு, சிலவற்றில் குளிர்பானம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பையன்கள் மெலன் சோடாவுக்குத்தான் ஓடுவார்கள். பாடுவதற்கு முன் மட்டும் ஐஸ் இல்லாத தண்ணீர் இரண்டு மடக்கு குடித்துவிடச் சொல்லுங்கள்.

பாட்டைத் தேடுவது டென்மோகு என்ற தொடுதிரைப் பலகையில். பாட்டை அனுப்பும்போதே கீயையும் சேர்த்து அனுப்பலாம், அப்படிச் செய்துவிடுங்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு மாற்றினால் காது குழம்பும். முதலில் எக்கோவைக் கொஞ்சம் குறைத்து, கைடு மெலடியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பாட வேண்டிய மெட்டு மெல்லிசாகப் பின்னால் ஓடும், கைப்பிடி மாதிரி. மைக்கை வாயிலிருந்து மூன்று விரல் தூரத்தில் நேராகப் பிடியுங்கள். மைக்கின் தலையைக் கையால் மூடினால் கீச்சென்று அலறும்.

மதிப்பெண் போடும் வசதியை மற்றவர்களைக் கேட்காமல் போடாதீர்கள். எல்லாருக்கும் அது பிடிப்பதில்லை. பிடித்தால் அதுவும் நல்ல பயிற்சிதான். சுரக் கோடுகள் திரையில் ஓடும், எங்கே தாழ்கிறோம் என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

முதல் ஆளாகப் பாடாதீர்கள், கடைசி ஆளாகவும் காத்திருக்காதீர்கள். இரண்டாவது, மூன்றாவது நல்ல இடம். ஒருவர் பாடும்போது மற்றவர் பாட்டுத் தேடலாம், ஆனால் சாபியில் தலைநிமிர்ந்து கைதட்ட வேண்டும். தாம்பூரினை வேகப் பாட்டுக்கு மட்டும் தட்டுங்கள், மெதுவான பாட்டில் அது பாடுகிறவனைக் கெடுக்கும். அடுத்தடுத்து இரண்டு பாட்டு போடுவது முறையில்லை. பாதியில் குரல் உடைந்தால் மைக்கைக் கீழே வைக்காதீர்கள். அந்த வரியை ஒரு ஆக்டேவ் கீழே எடுத்து மேலே போங்கள். அதையும் வீட்டிலேயே ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடலாம். சாபியில் வேண்டுமென்றே கீழே இறங்கி, அடுத்த வரியில் மேலே வருவது.

மார்ச்சில் பள்ளி ஆண்டு முடிந்ததும் அதே ஆறு பேர் மறுபடி போனார்கள். மகன் மூன்றாவது ஆளாக 'சங்காட்சு கொகொனோகா' பாடினானாம், மைனஸ் 3இல். இரண்டாவது சாபியில் ஒரு இடம் ஆடியதாம், கீழே இறங்கிச் சமாளித்துவிட்டான். "அப்பா, அவனுங்களும் சேர்ந்து பாடினாங்கப்பா" என்று ஷூவைக் கழற்றும்போதே சொன்னான்.

நேரம் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது சுவரில் உள்ள போன் அடிக்கும். நீட்டிக்கவா என்று கேட்பார்கள். கூட்டமான நாளில் நீட்டித்தால் கட்டணம் ஏறும், பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிச்சமுள்ள நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டுச் சேர்ந்து பாடி முடிக்கலாம். மைக்குகளைக் கூடையில் வைத்துவிட்டு, கதவருகே இருக்கும் ரசீதுப் பலகையை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போங்கள். கணக்கைத் தலைக்குச் சமமாகப் பிரித்துத்தான் கொடுப்பார்கள், அதனால் பையில் சில்லறையாக 100 யென் நாணயங்கள் இருக்கட்டும்.